நான்கு வழிகள், ஒரு தொலைபேசி எண்: டிமென்ஷியா பராமரிப்பை ஒரு வட்டாரமே சேர்ந்து திட்டமிடும்போது

என் அப்பாவை ஒரே மாதத்தில் நான்கு இடங்களில் கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் போட வேண்டும், எண்களை எழுத வேண்டும், முட்கள் பதினொன்று பத்தைக் காட்ட வேண்டும். நினைவும் சிந்தனையும் மெல்ல மெல்லக் குறையும் டிமென்ஷியா இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வழக்கமாகச் செய்யும் சோதனைகளில் ஒன்று அது. குடும்ப மருத்துவரிடம் ஒரு முறை, நரம்பியல் பிரிவில் ஒரு முறை, மனநலப் பிரிவில் ஒரு முறை, கடைசியாகப் பகல்நேரப் பராமரிப்பு மையத்தின் சேர்க்கை மேசையில் ஒரு முறை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவர் அவர். நான்காவது இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “போன இடத்திலும் இதையேதான் வரைந்தேன். உங்கள் யாரிடமும் ஒரு கடிகாரம்கூடவா இல்லை?” என்று கேட்டார். காலையில் சாப்பிட்டது நினைவில் இல்லாதவருக்கு, தன்னைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள் என்பது மட்டும் மனதில் தங்கியிருந்தது.

அந்த நான்கு தாள்களும் நான்கு கோப்புகளுக்குள் போயின. ஒரு கோப்பை வைத்திருந்தவர் மற்ற மூன்றையும் பார்த்ததேயில்லை.

அப்பா போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது எங்கள் வட்டாரத்தின் பராமரிப்பு அமைப்புகள் கூடி ஐந்தாண்டுத் திட்டம் வகுக்கும் குழுவில், குடும்பங்களின் சார்பில் என்னையும் உட்காரவைத்திருக்கிறார்கள். இரண்டு மருத்துவமனைகள், குடும்ப மருத்துவர்களின் சங்கம், வீட்டுக்கு வரும் செவிலியர் சேவை, பகல்நேர மையம், முதியோர் இல்லம், உள்ளாட்சியின் சமூக நலப் பிரிவு, நாங்கள் என்று மேசையைச் சுற்றி எட்டுத் தரப்பு. சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எப்படிச் சேர்வது என்று கேட்டால் எட்டுப் பதில்கள் வருகின்றன. குழுவுக்காக நான் செய்த ஒப்பீட்டைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் 5.5 கோடிக்கும் அதிகமானோர் டிமென்ஷியாவுடன் வாழ்கிறார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். 2019-இல் இதற்கான உலகளாவிய செலவு 1.3 லட்சம் கோடி டாலர். அதில் பாதி, வீட்டில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் செய்யும் வேலையின் மதிப்பு. நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி நேரம் அவர்கள் இதற்குக் கொடுக்கிறார்கள். குடும்பங்கள் செய்யும் அந்த வேலையில் எழுபது விழுக்காடு பெண்களின் தலையில் விழுகிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எட்டுத் தரப்பும் தங்கள் படுக்கை, தங்கள் மருத்துவர், தங்கள் வாகனம் என்று பட்டியல் போடுகின்றன. மிகப் பெரிய பங்காளி அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. வீட்டில் கவனித்துக்கொள்பவர் ஒருநாள் படுத்துவிட்டால் மற்ற ஏழு தரப்பின் திட்டமும் அன்றைக்கே படுத்துவிடும்.

ஆகவே எந்த ஏற்பாட்டையும் நான் ஒரே கேள்வியால் சோதிக்கிறேன். நோயாளி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடங்களில் அது என்ன செய்கிறது? சந்தேகத்திலிருந்து நோயறிதலுக்கு, நோயறிதலிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து அவசரப் பிரிவுக்கு, அங்கிருந்து மறுபடி வீட்டுக்கு, பிறகு ஒருவேளை இல்லத்துக்கு, கடைசி நாள்களுக்கு. ஒவ்வொரு நிறுவனமும் தன் சுவருக்குள் பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்கிறது. பாத்திரம் கீழே விழுவது கைமாறும்போதுதான்.

ஓர் உதாரணம். அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். அறுவை நன்றாகவே நடந்தது. மூன்றாம் இரவு அவருக்குச் சித்தக்குழப்பம் வந்தது. டிமென்ஷியா உள்ளவர்களுக்கு மருத்துவமனைச் சூழலில் அடிக்கடி வருவதுதான். தூக்க மாத்திரை கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு டிஸ்சார்ஜ். சுருக்கத் தாளின் கடைசி வரியில், “டிமென்ஷியா உள்ளவர், வீட்டில் கவனிப்புத் தேவை” என்று இருந்தது. யார் கவனிப்பது, எதைக் கவனிப்பது, சனிக்கிழமை இரவு அவர் எழுந்து நடக்க முயன்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு சொல் இல்லை. பழைய மாத்திரைகளோடு புதியவற்றையும் சேர்த்தே பத்து நாள் கொடுத்தோம். இரண்டு தூக்க மாத்திரைகள் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்ததை மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்தார். அவர் எந்தத் திட்டக் குழுவிலும் இல்லை. எங்கள் எட்டிலும் இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

முதல் வழி: ஒரே மையக் கிளினிக்

பெரிய மருத்துவமனை ஒன்றில் நினைவாற்றல் கிளினிக் ஒன்றை நிறுவி, மற்றவர்களெல்லாம் அதற்கு அனுப்பிவைப்பது. மருத்துவமனைகளுக்கு இதுதான் பிடிக்கும். திறப்பு விழா நடத்தலாம், பெயர்ப்பலகை வைக்கலாம், நிதி கேட்பதும் எளிது.

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும், நோயறிதலைத் துல்லியமாகச் செய்ய இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பி12 குறைபாடு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவை டிமென்ஷியா போலவே தோற்றம் காட்டும். இவற்றைச் சரிசெய்ய முடியும். எந்த வகை டிமென்ஷியா என்பதும் முக்கியம். டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு இருப்பது அல்சைமர் என்றாலும், லூயி உடல் டிமென்ஷியா என்ற வேறு வகை உள்ளவருக்குச் சில மனநோய் மருந்துகளைக் கொடுத்தால் உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். வகை தெரியாமல் “ராத்திரி கத்துகிறார்” என்பதற்காக மருந்து எழுதும் இடத்தில், ஒரு நல்ல கிளினிக் உயிரைக் காப்பாற்றும்.

இன்னொரு காரணமும் இப்போது சேர்ந்திருக்கிறது. லெகனெமாப் என்ற மருந்து 2023-இலும் டொனனெமாப் என்ற மருந்து 2024-இலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. அல்சைமரின் தொடக்கக் கட்டத்தில், மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பது உறுதியானவர்களுக்கு மட்டுமே இவை. நரம்பு வழியாகச் செலுத்த வேண்டும். மூளை வீக்கமோ நுண்கசிவோ ஏற்படுகிறதா என்று எம்.ஆர்.ஐ. மூலம் கண்காணிக்க வேண்டும். நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன, குணப்படுத்துவதில்லை. இவற்றைக் கொடுக்க விரும்பும் வட்டாரத்துக்கு மையக் கிளினிக் இல்லாமல் முடியாது. எனக்குள்ள பயம், இந்த மருந்துக்குத் தகுதி பெறும் சிலருக்காகக் கட்டப்படும் அமைப்பு மற்ற எல்லாருடைய பணத்தையும் விழுங்கிவிடும் என்பது.

நோயறிதலைச் சொன்ன பிறகு கிளினிக் என்ன செய்கிறது? ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறது. இடைப்பட்ட நூற்றெண்பது இரவுகள் குடும்பத்துக்கு. கைமாறும் இடங்களில் முதல் ஒன்றை மட்டும் இந்த வழி நன்றாகப் பார்த்துக்கொள்கிறது.

இரண்டாம் வழி: குடும்பத்துக்கு ஒருவர்

அமைப்புகள் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமித்து, அவர் எல்லாக் கதவுகளையும் தட்டட்டும் என்பது இது. பெரும்பாலும் அனுபவமுள்ள செவிலியரோ சமூகப் பணியாளரோ இதைச் செய்வார். சான்றுகள் அதிகம் குவிந்திருப்பது இங்கேதான்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உருவான பிரிஸ்மா என்ற பராமரிப்பு மாதிரியை முதலில் சொல்ல வேண்டும். அது டிமென்ஷியாவுக்காக மட்டும் அல்லாமல் தளர்ந்த முதியோர் அனைவருக்குமாக உருவானது. ஆறு உறுப்புகள் அதற்கு: முடிவெடுப்போருக்கிடையே ஒருங்கிணைப்பு, ஒரே நுழைவாயில், ஒருங்கிணைப்பாளர், ஆளுக்கேற்ற சேவைத் திட்டம், எல்லாரும் ஏற்கும் ஒரே மதிப்பீட்டுப் படிவம், பகிரப்படும் கணினிக் கோப்பு. ஐந்தாவதைப் படித்தபோது அப்பாவின் நான்கு கடிகாரங்களும் என் கண் முன்னால் வந்தன. பலன் தெளிவாகத் தெரிய நான்காவது ஆண்டு வரை பொறுக்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. இரண்டே ஆண்டில் அறிக்கை கேட்கும் நிதியாளர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வடகிழக்கு ஜெர்மனியில் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளை அடிப்படையாகக் கொண்டு நடந்த டெல்ஃபி ஆய்வு 2017-இல் வெளியானது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் வீடுவீடாகச் சென்று தேவைகளை மதிப்பிட்டு மருத்துவரோடு சேர்ந்து திட்டம் போட்டார்கள். நோயாளிகளின் நடத்தைச் சிக்கல்களும் கவனிப்பவரின் பாரமும் குறைந்தன. ஆனால் வாழ்க்கைத்தரம் உயர்ந்தது வீட்டில் துணையுள்ளவர்களுக்கு மட்டும்தான். தனியாக வாழ்பவர்களுக்கு ஒருங்கிணைப்பாளர் மட்டும் போதவில்லை. தனியாக வாழும் முதியோர் பெருகும் எந்த வட்டாரமும் இந்த ஒற்றை வரியைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

வசதி குறைந்த இடங்களில் இது நடக்குமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். கோவாவில் 81 குடும்பங்களோடு நடந்து 2008-இல் வெளியான ஆய்வு அதற்குப் பதில். அங்கே வீடு தேடிப் போனவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் போனார்கள். மனநல மருத்துவரும் ஆலோசனை நிபுணரும் பின்னால் நின்றார்கள். நோயைப் பற்றி விளக்குவது, நடத்தைச் சிக்கல்களைக் கையாளக் கற்றுக்கொடுப்பது, கிடைக்கும் உதவிகளோடு இணைப்பது, அவ்வளவுதான். கவனிப்பவர்களின் மனநலம் மேம்பட்டது.

இனி இதன் ஓட்டையைப் பார்ப்போம். அதிகாரம் இல்லாத ஒருங்கிணைப்பாளர் தபால்காரர்தான். “நான் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்” என்பதைத் தவிர அவரால் எதையும் சொல்ல முடியாது. குறைந்தபட்சம் மூன்று அதிகாரங்கள் கையில் இருக்க வேண்டும். கிளினிக்கில் நேரடியாக நாள் குறிக்க முடிய வேண்டும். வீட்டில் கவனிப்பவர் மூச்சுவிட, மாற்று ஆளையோ சில நாள் தங்கும் ஏற்பாட்டையோ யாரிடமும் கையெழுத்து வாங்காமல் ஒரு வரம்புக்குள் அனுமதிக்க முடிய வேண்டும். ஒரு குடும்பம் தத்தளிக்கும்போது சம்பந்தப்பட்ட எல்லாரையும் ஒரே மேசைக்கு அழைத்தால் அவர்கள் வந்தாக வேண்டும். இவற்றில் முதலாவதைக் கொடுக்க மருத்துவமனைகள் தயங்குகின்றன, இரண்டாவதைக் கொடுக்க உள்ளாட்சி தயங்குகிறது. மூன்றாவதை எல்லாரும் தலையாட்டி ஏற்றுக்கொள்கிறார்கள், வருவதில்லை.

அமெரிக்காவின் பொதுக் காப்பீட்டுத் துறை 2024 ஜூலையில் தொடங்கிய கைட் என்ற எட்டாண்டுச் சோதனைத் திட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. வழிகாட்டும் பணியாளர், இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கப்படும் தொலைபேசி, கவனிப்பவருக்கு ஓய்வு தரும் ஏற்பாடு ஆகிய மூன்றையும் ஒரே கட்டணத் திட்டத்துக்குள் கட்டியிருக்கிறார்கள். ஓய்வுக்கான உதவி எல்லாருக்கும் கிடைக்காது, அதற்குத் தகுதி வரம்பு உண்டு.

பிரான்சின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. 2008-2012 அல்சைமர் திட்டத்தில், பிரிஸ்மாவைப் பின்பற்றி மாயியா என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அந்தச் சுருக்கப் பெயரின் முதல் எழுத்து ‘வீடு’ என்பதைக் குறித்தது. ஆனால் அது வீடும் இல்லை, கட்டடமும் இல்லை, வேலை செய்யும் முறை. சுருக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதே எழுத்துக்கு ‘முறை’ என்று பிற்பாடு பொருள் மாற்றினார்கள். போதாததற்கு, காலப்போக்கில் வெவ்வேறு ஒருங்கிணைப்பு அமைப்புகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக முளைத்து, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அவற்றையெல்லாம் ஒன்றாக்க வேண்டிவந்தது. ஒருங்கிணைப்பாளர்களை ஒருங்கிணைக்க ஓர் ஏற்பாடு! ஏற்கெனவே நீரிழிவுக்கும் புற்றுநோய்க்கும் மனநலத்துக்கும் தனித்தனி ஒருங்கிணைப்பாளர் உள்ள வட்டாரம், புதிதாக ஒருவரைப் போடுமுன் இதை நினைத்துக்கொள்ளட்டும். எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு டிமென்ஷியா தனியாக வருவது அபூர்வம்.

மூன்றாம் வழி: எல்லாவற்றையும் ஒரே நிறுவனமாக்குவது

ஒரே நிர்வாகம், ஒரே நிதி, ஒரே கோப்பு. தாளில் இதைவிட அழகான ஏற்பாடு கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் 1971-இல் தொடங்கிய ஆன் லாக் அமைப்பும், அதிலிருந்து பிறந்து 1997-இல் அமெரிக்கக் காப்பீட்டின் நிரந்தரப் பகுதியான பேஸ் திட்டமும் இதற்கு நல்ல சான்றுகள். பகல்நேர மையத்தைச் சுற்றியே மருத்துவர், செவிலியர், வாகனம், மருந்து எல்லாம் ஒரே குழுவாக இயங்கும். ஆனால் சேருபவர் பழைய குடும்ப மருத்துவரை விட்டுவிட்டு அவர்களின் மருத்துவரை ஏற்க வேண்டும். முகங்கள் மறந்துபோகும் நோயில், மறக்காமல் இருக்கும் ஒரு முகத்தை மாற்றுவது சின்ன விலை இல்லை.

வால்டர் லூட்ஸ் என்ற ஆய்வாளர் 1999-இல் சொன்னது எங்கள் குழுவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. சிலருக்கு எல்லாச் சேவைகளையும் ஒன்றாக்கலாம், எல்லாருக்கும் சில சேவைகளை ஒன்றாக்கலாம், எல்லாருக்கும் எல்லாச் சேவைகளையும் ஒன்றாக்க முடியாது என்றார் அவர். எட்டுத் தனி அமைப்புகள் ஐந்தாண்டில் ஒரே நிறுவனமாவது நடக்கிற காரியமில்லை. முதல் மூன்று ஆண்டுகள் சம்பள விகிதத்தையும் பதவிப் பெயர்களையும் பேசியே ஓடிவிடும். இதற்கு மேல் இதில் நேரம் செலவிட நான் தயாரில்லை.

நான்காம் வழி: தெருவிலிருந்து தொடங்குவது

மருத்துவத்தைவிட அக்கம்பக்கம் முதலில் என்பது இந்த வழி. ஜப்பான் இதில் வெகுதூரம் போயிருக்கிறது. 2004-இல் அங்கே டிமென்ஷியாவுக்கு அதுவரை வழங்கிய இழிவான சொல்லை அதிகாரபூர்வமாக நீக்கிப் புதிய சொல்லைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு, ஒன்றரை மணி நேர வகுப்பில் கலந்துகொள்ளும் எவரும் ‘டிமென்ஷியா ஆதரவாளர்’ ஆகலாம் என்ற இயக்கம் தொடங்கியது. வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள், கடைக்காரர்கள் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்துவிட்டார்கள். ஒமுதா என்ற நகரத்தில் 2004 முதல் ஒரு ஒத்திகை நடக்கிறது. வழி தவறிய முதியவராக ஒருவர் தெருவில் நடப்பார். ஊரார் அவரைக் கவனித்து, பயமுறுத்தாமல் பேச்சுக் கொடுத்துப் பழக வேண்டும். இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்பா ஒருமுறை அதிகாலையில் இறங்கிப் போனபோது, அவரைப் பார்த்த மூன்று பேர் “வாக்கிங் போகிறார் போல” என்று நினைத்துக்கொண்டு வழிவிட்டிருக்கிறார்கள்.

ஆனால் அதே ஜப்பானில் 2023-இல் மட்டும் டிமென்ஷியா உள்ளவர்கள் காணாமல்போனதாக 19,000-க்கும் மேற்பட்ட புகார்கள் பதிவாகின. நல்ல மனம் படைத்த அக்கம்பக்கத்தால் வாதை குறையும், நோயின் சுமை குறையாது. இந்த வழியை ஜப்பான் தனியாக விட்டுவிடவும் இல்லை. 2000 முதல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. நோயின் தொடக்கத்திலேயே வீட்டுக்கு வரும் சிறப்புக் குழுக்களை நாடெங்கும் உள்ளாட்சிகளில் அமைத்திருக்கிறார்கள். டிமென்ஷியாவுக்கான அடிப்படைச் சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆதரவாளர் இயக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட நினைப்பவர்கள் செலவு மிச்சம் பிடிப்பவர்கள். எங்கள் குழுவிலும் ஒருவர் இருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஐந்து லட்சம் மக்கள் உள்ள வட்டாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர் என்றால் 50,000 பேர். அவர்களில் 5 முதல் 8 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் முன்பு பயன்படுத்திய மதிப்பீடு. 6 விழுக்காடு என்று வைத்து 3,000 பேர் என்போம். உலகளவில் நான்கில் மூவருக்கு நோயறிதலே நடப்பதில்லை என்கிறார்கள்; அப்படியானால் இன்று பெயர் தெரிந்தவர்கள் 750 பேர்.

ஓர் ஒருங்கிணைப்பாளருக்கு ஐம்பது குடும்பங்கள் என்று வைத்தால் இன்றைக்கு 15 பேர் போதும். நோயறிதல் நன்றாக நடந்து எல்லாரும் வெளியே வந்தால் 60 பேர் தேவை. இந்தக் கணக்கைக் காட்டியதும் குழுவில் அமைதி. வழிகளுக்குள் உள்ள முடிச்சு இங்கேதான் இருக்கிறது. முதல் வழியைச் சிறப்பாகச் செய்தால் இரண்டாம் வழியின் செலவு நான்கு மடங்காகும். கிளினிக்கை மட்டும் திறந்து ஒருங்கிணைப்பாளர்களைப் போடாவிட்டால், நோயின் பெயரை மட்டும் கையில் கொடுத்துக் குடும்பங்களைத் திருப்பி அனுப்புவோம்.

அறுபது பேர் ஒரே நேரத்தில் வேண்டியதில்லை என்பது ஆறுதல். தொடக்கக் கட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தொலைபேசி பலருக்குப் போதும். இரவுத் தூக்கம் கெடும்போதும், மருத்துவமனையிலிருந்து திரும்பும்போதும், கவனிப்பவர் நோய்வாய்ப்படும்போதும் வாரம் இருமுறை வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே, ஒருங்கிணைப்பாளர்களின் நாற்பது விழுக்காடு நேரத்தை நெருக்கடிக்கென்றே ஒதுக்கி, நெருக்கடி இல்லாத குடும்பங்களைப் பயிற்சி பெற்ற உதவியாளர்களிடம் பிரித்துக்கொடுக்கலாம் என்பது என் யோசனை. ஒதுக்கீட்டு விகிதம் தவறாக இருக்கலாம். ஆறு மாதம் நடத்திப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

மேசைத் தலைப்பில் யார்?

எந்த வழியானாலும் நிர்வாகம் யார் கையில் என்ற கேள்வி தனியே நிற்கிறது. மூன்று அமைப்பு முறைகள் உண்டு. எல்லாரும் சமமாக உட்கார்ந்து முடிவெடுப்பது ஒன்று. பெரிய நிறுவனம் ஒன்று தலைமை ஏற்பது இன்னொன்று. எவர் பக்கமும் சேராத சிறிய செயலகம் ஒன்றை அமைத்து எல்லாரும் அதற்குச் சந்தா கட்டுவது மூன்றாவது. மூன்று நான்கு பேர் என்றால் முதலாவது ஓடும். எட்டுப் பேர் என்றால் தலைக்குத் தலை நாட்டாமைதான். பெரிய மருத்துவமனை தலைமை ஏற்றால் வேலை விரைவாக நடக்கும், எல்லாம் மெல்ல மெல்ல முதல் வழியாகவே மாறிவிடும். எனக்கு மூன்றாவதுதான் சரியென்று படுகிறது. இரண்டு பேர் கொண்ட செயலகம் போதும். ஒருங்கிணைப்பாளர்களும் அதன் சம்பளப் பட்டியலில்தான் இருக்க வேண்டும். மருத்துவமனைச் சம்பளம் வாங்குபவர் மருத்துவமனையிடம் “ஏன் வெள்ளிக்கிழமை மாலை அனுப்பினீர்கள்?” என்று கேட்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எதை அளப்பது என்பதிலும் சண்டை உண்டு. கையெழுத்தான ஒப்பந்தங்கள், நடத்திய விழிப்புணர்வுக் கூட்டங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையை அறிக்கையில் போட எல்லாருக்கும் ஆசை. முதல் சந்தேகத்திலிருந்து நோயறிதல் வரை எத்தனை நாள், நோயறிதலிலிருந்து முதல் வீட்டு வருகை வரை எத்தனை நாள், ஒரே சோதனை எத்தனை முறை நடந்தது, டிஸ்சார்ஜ் ஆன எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் யாராவது கூப்பிட்டார்களா, கவனிப்பவர் வாரத்தில் எத்தனை இரவு தூங்கினார் என்ற ஐந்தையும் நான் கேட்கிறேன். நெதர்லாந்து 2000-களின் நடுவில் தன் தேசிய டிமென்ஷியா திட்டத்தை நடத்தியபோது, நோயாளிகளும் குடும்பங்களும் படும் பாட்டைப் பதினான்கு பிரச்சினைப் புலங்களாக வகுத்து, வட்டாரங்கள் அதிலிருந்து தங்கள் முன்னுரிமையைத் தேர்ந்தெடுக்கும்படி செய்தது. கேள்விப்பட்டியல் வீட்டிலிருந்து வந்தால் அளவுகோலும் அங்கிருந்துதான் வரும்.

என் வாக்கு

இரண்டாம் வழியை முதுகெலும்பாக வைத்து, முதல் வழியைச் சிறிய அளவில் அதற்குத் துணையாக்குவது என் பரிந்துரை. வாரம் இரண்டு நாள் இயங்கும் கிளினிக் போதும், புதிய கட்டடம் வேண்டாம். நான்காம் வழியிலிருந்து தேடல் ஒத்திகையையும், மருந்துக்கடை, பஸ், வங்கி ஊழியர்களுக்கான பயிற்சியையும் எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆறு மாதத்தில் பொதுவான மதிப்பீட்டுப் படிவத்தையும், தகவலைப் பகிர நோயாளியோ அவர் சார்பில் பேசுபவரோ ஒரே முறை தரும் ஒப்புதலையும் முடித்துவிட வேண்டும். இவை இல்லாமல் ஆள் எடுத்தால் அந்த ஆள்கள் ஐந்தாவது கடிகாரத்தை வரையச் சொல்வார்கள்.

இரண்டு சூழல்களில் என் வாக்கு மாறும். வட்டாரத்தில் டிமென்ஷியாவைக் கண்டறியக்கூடிய மருத்துவரே இல்லையென்றால், முதலில் கிளினிக். தெரியாத நோயை ஒருங்கிணைக்க முடியாது. பாதிப் பேர் தனியாக வாழ்பவர்கள் என்றால், முதல் பணம் பகல்நேர மையத்துக்கும் வீட்டு உதவியாளருக்கும் போக வேண்டும். ஒருங்கிணைப்பாளர் பேசுவதற்கு மறுமுனையில் ஒருவர் இருக்க வேண்டுமே.

சென்ற கூட்டத்தின் முடிவில் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தேன். “அப்பா கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார், இரவு பத்து மணி. குடும்பம் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும்?” என்று கேட்டு, எழுதித் தரச் சொன்னேன். நானும் எழுதினேன். எட்டுச் சீட்டுகள் வந்தன. ஐந்தில் ஐந்து வெவ்வேறு எண்கள், அவற்றில் ஒன்று அலுவலக நேரத்தில் மட்டும் எடுக்கப்படுவது. ஒன்றில் ஆம்புலன்ஸ் எண். இரண்டு காலியாக இருந்தன, அதில் ஒன்று என்னுடையது. அடுத்த கூட்டத்துக்குள் அதை ஒரே எண்ணாக்குவது என்று தீர்மானம் எழுதினார்கள். அந்த எண்ணை இரவில் எடுப்பவருக்கு எட்டுப் பேரில் யார் சம்பளம் கொடுப்பது என்பது அந்தக் கூட்டத்தின் முதல் விவாதப் பொருள்.